முத்திரை, தப்பெண்ணம், இனவாதம்: காவிரிப் படுகையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்றும் ஒன்றுதானே? எதற்குத் தனித்தனிப் பெயர்?

நடவு நேரத்தில் மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குவதை டெல்டாவில் இப்போது எல்லாரும் பார்க்கிறோம். டீக்கடை பெஞ்சில் ஒருவர், "வடக்கத்தி ஆளுங்களுக்குக் குளிக்கிற பழக்கமே கெடையாது" என்கிறார். இது முத்திரை. ஒரு கூட்டத்தின் தலையில் மொத்தமாக ஒரு குணத்தை ஒட்டிவிடுவது.

அந்த ஆட்களில் ஒருவர் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காருகிறார். அவர் பேர் தெரியாது, ஊர் தெரியாது. ஆனாலும் முகம் சுளிக்கிறது, கை தானாகப் பையை மடிக்கு இழுக்கிறது. இது தப்பெண்ணம். ஆளை அறியும் முன்பே உள்ளே எழுந்துவிடும் வெறுப்பு அல்லது பயம்.

அதே ஆட்களுக்கு ஊருக்குள் வாடகைக்கு இடம் கிடையாது. பம்புசெட்டு கொட்டகையில்தான் படுக்க வேண்டும். "அவங்களுக்கு இது போதும், அப்படியே பொறந்து வளந்தவங்க" என்று ஊரே ஒத்துக்கொள்கிறது. பிறப்பைக் காட்டி மனிதர்களை மேல், கீழ் என்று அடுக்கி, அந்த அடுக்குப்படி இடத்தையும் கூலியையும் மரியாதையையும் பங்கிடும் இந்த ஏற்பாட்டைத்தான் இனவாதம், பேச்சுவழக்கில் இனவெறி, என்கிறோம். அந்த ஏற்பாட்டில் ஒருவரைத் தனியாகப் பிரித்து நடத்தும் ஒவ்வொரு செயலும் பாகுபாடு.

முத்திரை வாயில் இருக்கும், தப்பெண்ணம் மனசில் இருக்கும், இனவாதம் ஊர் அமைப்பில் இருக்கும். மூன்றும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் என்றாலும் மருந்து வேறு வேறு. அதனால்தான் தனித்தனிப் பெயர் தேவைப்படுகிறது.

"தஞ்சாவூர்க்காரன் சோம்பேறி" என்று கிண்டல் செய்கிறார்களே, அது இனவெறியா?

இல்லை. அது முத்திரை மட்டுமே. அப்படிச் சொன்னதால் தஞ்சாவூர்க்காரருக்கு வேலையோ வீடோ போய்விடவில்லை. கும்பகோணம் என்ற ஊர்ப் பெயரையே ஏமாற்று வேலைக்கு இன்னொரு பெயராக ஒரு காலத்தில் தமிழ்நாடு முழுக்கப் புழங்கினார்கள். கும்பகோணத்துக்காரர்கள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுத் தங்கள் வெற்றிலையையும் டிகிரி காப்பியையும் விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆனால் இந்தச் சோம்பேறி முத்திரையைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். தண்ணீர் வந்தது, வயல் விளைந்தது, மனிதர் திண்ணையில் வெற்றிலை மென்றபடி உட்கார்ந்திருந்தார் என்பது கதை. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் மிராசுதார். சேற்றில் குனிந்து நட்டவர்கள் பண்ணையாட்கள், பெரும்பாலும் தலித் மக்கள். வேலைக்குத் தாமதமாக வந்தால் சவுக்கடி, எதிர்த்துப் பேசினால் சாணிப்பால் (சாணி கரைத்த தண்ணீர்) குடிக்க வேண்டும் என்று 1940-கள் வரை இந்த மண்ணில் தண்டனை இருந்தது. பண்ணையாளை நினைத்த நேரத்தில் விரட்டக்கூடாது என்று சட்டம் வந்ததே 1952-இல்தான், அதுவும் தஞ்சை மாவட்டத்துக்கென்று தனியாக. "தஞ்சாவூர்க்காரன்" என்ற ஒற்றைச் சொல்லில் திண்ணைக்காரர் மட்டும் தெரிகிறார், விடியுமுன் வயலில் இறங்கியவர் காணாமல் போகிறார். யாரைக் கணக்கில் வைக்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதைத்தான் எந்த முத்திரையிலும் முதலில் பார்க்க வேண்டும்.

நல்லதாகச் சொன்னால்கூட முத்திரையா?

ஆமாம். சில நேரம் கெட்டதைவிட நல்லதாகச் சொல்வது அதிகம் கடிக்கும்.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜுலா கப்பல் போன காலத்தை டெல்டாவில் பல குடும்பங்கள் இன்றும் பேசும். அதற்கும் முன்பிருந்தே மலாயாத் தோட்டங்களுக்கு இங்கிருந்து ஆட்களை அள்ளிப்போனார்கள். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் தென்னிந்தியக் கூலிகளை ஏன் விரும்பினார்கள் என்றால், "அடக்கமானவர்கள், சொன்னதைக் கேட்பவர்கள்" என்று அவர்களுக்கு ஒரு எண்ணம். அது பாராட்டுப்போல ஒலித்தாலும், பின்னால் இருந்த கணக்கு வேறு. அடக்கமானவருக்குக் கூலியைக் கூட்ட வேண்டியதில்லை, தனி வீடு வேண்டாம், லயம் என்ற வரிசைக் குடியிருப்பு போதும்.

இப்போது டெல்டாவில் நாம் சொல்வதைக் கேளுங்கள்: "பீகார்ப் பசங்க நல்லா ஒழைப்பானுங்க, எதுத்து ஒரு வார்த்த பேச மாட்டானுங்க." அதே வாக்கியம்தான், சொல்லும் வாய் மட்டும் நம்முடையது. எதிர்த்துப் பேசாததற்கு மொழி தெரியாதது ஒரு காரணம், கங்காணியிடம் வாங்கிய முன்பணம் இன்னொன்று. ரத்தத்தில் ஊறிய பணிவு என்று எதுவும் கிடையாது.

மனசில் எல்லாருக்கும்தான் ஏதோ ஒன்று இருக்கும். யாருக்கும் கெடுதல் செய்யாதவரை என்ன தப்பு?

மனசில் இருப்பது மனசோடு நின்றால் தப்பில்லைதான். அது நிற்பதில்லை.

2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைக் கணக்காகவே காட்டியது. பொருளாதார அறிஞர் சுக்தேவ் தோரட்டும் சமூகவியலாளர் பால் அட்டவெலும் செய்தது. தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள். மாறியது பெயர் மட்டுமே. மேல்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு நேர்காணல் அழைப்பு வரும் சாத்திய விகிதம் மூன்றில் இரண்டு பங்காகவும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. அந்த அலுவலகங்களில் யாரும் யாரையும் திட்டியிருக்க மாட்டார்கள். "இந்த ஆள் நமக்குச் சரிப்படுவாரா?" என்று ஒரு நொடி யோசித்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆயிரம் மேசைகளில் அந்த ஒரு நொடி சேரும்போது சிலருக்கு மட்டும் கதவு திறப்பதே இல்லை.

வீட்டிலேயே "கருப்பாயி", "கருவாச்சி" என்று செல்லமாகக் கூப்பிடுகிறோம். நிறத்தைச் சொன்னாலே இனவெறி என்றால் எப்படி?

கூப்பிடுவதை வைத்து முடிவுகட்ட வேண்டாம். பாட்டி பேத்தியைக் கருப்பாயி என்று கூப்பிட்டு மடியில் போட்டுக்கொள்வதில் யாருக்கும் வழக்கில்லை. அதே பேத்திக்கு வரன் பார்க்கும்போது என்ன நடக்கிறது? ஜாதகத்தோடு "மாநிறம்" என்று எழுதலாமா, "நல்ல நிறம்" என்று எழுதலாமா என்று வீட்டுக்குள் ஒரு மாநாடு. போட்டோக்காரரிடம் "கொஞ்சம் வெளுப்பாக்கிக் குடுங்க தம்பி" என்று ஒரு வேண்டுகோள். நிறத்துக்கு ஈடாக இத்தனை சவரன் கூடுதல் என்று ஒரு பேரம். நிறம் விலையாக மாறும் இடம் அதுதான். செல்லப் பெயர் அங்கே செல்லாது.

டெல்டாவில் நிறத்துக்குள் வர்க்கமும் ஒளிந்திருக்கிறது. வெயிலில் நிற்பவர் கருக்கிறார், நிழலில் இருப்பவர் வெளுக்கிறார். தலைமுறை தலைமுறையாக யார் வயலில் நின்றார்கள் என்பதை நினைத்தால், "அந்தப் பிள்ளையப் பாத்தா நம்மாளு மாதிரித் தெரியல" என்ற பேச்சுக்கு முழு அர்த்தமும் விளங்கும். நிறத்தைப் பார்த்துச் சாதியை ஊகிக்கிறார்கள். அந்த ஊகம் பல நேரம் தப்பாகவும் போகிறது, ஆனாலும் விடுவதில்லை.

சிவப்பழகு க்ரீம் ஒன்று, 1975-இல் சந்தைக்கு வந்தது, எதிர்ப்புகளுக்குப் பிறகு 2020-இல் தன் பெயரிலிருந்து வெளுப்பைக் குறிக்கும் சொல்லை எடுத்தது. மளிகைக் கடையில் இன்றைக்கும் அதைப் பழைய பெயரில்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

ஆப்பிரிக்க நாட்டு மாணவர் ஒருவரைச் சாலையில் பார்த்துச் சிறுவர்கள் கூச்சலிட்டால், அது நேரடி இனவெறி. நாமே கருப்புதான், நாம் எப்படி இனவெறியராக முடியும் என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாக முடியும்.

இனம் என்பது உண்மையில் இருக்கிறதா? ரத்தத்திலேயே வேறுபாடு உண்டு என்கிறார்களே?

மனிதர்களுக்குள் மரபணு வேறுபாடு உண்டு. ஆனால் அது நாம் நினைக்கும் கோடுகளின்படி ஓடவில்லை. 1972-இல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் கணக்கிட்டபோது, மொத்த வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள்கூட்டத்துக்குள்ளேயே இருப்பது தெரிந்தது. உங்கள் தெருவில் இருவருக்கிடையே உள்ள வேறுபாடுதான் பெரும்பகுதி. நிறம், மூக்கு, முடி என்று கண்ணில் படுவதைக் கொண்டு குணத்தையும் அறிவையும் அளக்க அறிவியலில் ஆதாரமில்லை. இனம் என்ற வகை பொய்யாக இருந்தாலும், அதை நம்பி நடத்தப்படும் அடி மெய்யானது.

அப்படியென்றால் சாதியும் இனவாதம்தானா?

அடிக்கடி வரும் கேள்வி, ஒற்றை வரியில் பதில் கிடையாது.

அம்பேத்கர் 1936-லேயே இதைப் பேசிவிட்டார். சாதி என்பது இனப் பிரிவு கிடையாது, ஒரே இனத்து மக்களைச் சமூகம் பிரித்து வைத்தது என்பது அவர் வாதம். பஞ்சாபிப் பிராமணருக்குப் பஞ்சாபித் தலித்தோடுதான் ரத்த ஒற்றுமை, சென்னைப் பிராமணருக்குச் சென்னைத் தலித்தோடுதான் என்று அவர் காட்டினார். அந்த வகையில் சாதி வேறு, இனம் வேறு.

இன்னொரு பக்கம், இனப் பாகுபாட்டை ஒழிக்க ஐ.நா. 1965-இல் ஏற்ற உடன்படிக்கை, நிறம், இனம் இவற்றோடு "வம்சாவளி" என்பதையும் சேர்த்திருக்கிறது. இந்தியா 1968-இல் அதை ஏற்று உறுதிசெய்தது. 2001-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்த இனவாத எதிர்ப்பு மாநாட்டில் சாதியையும் பேச வேண்டும் என்று தலித் அமைப்புகள் கேட்டன. சாதி இனம் ஆகாது என்று இந்திய அரசு மறுத்தது. மறு ஆண்டே, வம்சாவளி என்பதில் சாதியும் அடங்கும் என்று அந்த உடன்படிக்கையின் குழு விளக்கம் கொடுத்தது.

என் கருத்தைக் கேட்டால், பெயர்ச் சண்டையைவிட வேலை செய்யும் விதத்தைப் பார்க்கச் சொல்வேன். பிறப்பால் அடுக்குவது, அடுக்கைத் தாண்டிக் கல்யாணம் செய்தால் தண்டிப்பது, குடியிருப்பைத் தனியே ஒதுக்குவது, அதையெல்லாம் இயற்கை என்று நம்பவைப்பது. இந்த நான்கிலும் சாதிக்கும் இனவாதத்துக்கும் வித்தியாசம் தேடினால் கிடைப்பது கொஞ்சம்தான். அக்ரகாரம் ஒரு பக்கம், குடியானத் தெரு ஒரு பக்கம், வாய்க்காலுக்கு அப்பால் சேரி என்று அமைந்த எந்த டெல்டா கிராமத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் வரைபடத்தை வரைய யாருடைய மனசிலும் கோபம் இருந்திருக்க வேண்டியதில்லை. இன்று அங்கே வசிக்கும் நல்லவர்களும் அதே வரைபடத்தின் மேல்தான் நடக்கிறார்கள். சேரியைக் குறிக்கப் புழங்கிய "காலனி" என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். பெயர்ப்பலகை மாறும். சுடுகாட்டுப் பாதை மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

படிக்காதவர்களிடம்தானே இதெல்லாம்? படித்தவர்கள், நீதிமன்றம் என்று போனால் இருக்காதல்லவா?

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் சங்கம் வைத்த தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் நிலக்கிழார்கள் சிலருக்குத் தண்டனை கொடுத்தது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று இப்படிப் போகிறது: குற்றம் சாட்டப்பட்டவர்கள் நிறைய நிலம் வைத்திருக்கும் பணக்காரர்கள், வேலையாட்கள் இருக்க அவர்களே நேரில் நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பக் கடினமாக இருக்கிறது.

இதில் யாரையும் கேவலமாகச் சொல்லவில்லை. "பெரிய மனுஷன் இப்படிச் செய்ய மாட்டான்" என்ற ஒரு மரியாதையான முத்திரைதான். முத்திரை எப்போதும் கீழே இருப்பவர்மேல் மட்டும் விழும் என்று நினைக்கிறோம். மேலே இருப்பவர்மேல் விழுந்தால் அது குடையாகிவிடுகிறது.

எனக்கு யார்மேலும் வெறுப்பில்லை. ஆனால் என் வீட்டை யாருக்கு விடுவது என்பது என் உரிமை இல்லையா?

"சைவம் மட்டும்", "நம்மாளுங்களுக்கு மட்டும்", "பேரு என்ன சொன்னீங்க தம்பி? அப்பா பேரு?" வீடு தேடி அலைந்த எவருக்கும் இந்தக் கேள்விகள் மனப்பாடம். கடை, ஓட்டல், குளம், கிணறு, சாலை இவற்றில் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் பார்த்துத் தடுக்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு சொல்கிறது. தனியார் வீட்டு வாடகையை எல்லாப் பிரிவினருக்குமாகச் சேர்த்துக் கட்டுப்படுத்தும் பொதுவான பாகுபாட்டு எதிர்ப்புச் சட்டம் நாட்டில் இன்னும் இல்லை. ஆகவே சட்டப்படி பெரும்பாலும் தப்பித்துவிடுவீர்கள்.

ஆனால் ஒரு தெருவில் இருபது வீட்டுக்காரர்களும் வெறுப்பே இல்லாமல், "மத்தவங்க என்ன சொல்வாங்களோ" என்ற ஒரே யோசனையில் மறுத்தால், கூத்தாநல்லூரிலிருந்து வேலை மாற்றலாகி வந்த முஸ்லிம் ஆசிரியருக்கு அந்தத் தெருவில் வீடு இல்லை. வெறுப்பு இருந்திருந்தாலும் அவருக்கு இதே முடிவுதான்.

சிங்கப்பூரில் எங்கள் பையனுக்கு வீடு கொடுக்க மறுத்தார்கள். அதை இனவெறி என்கிறோம். இங்கே "வடக்கன்" என்று சொன்னால் மட்டும் ஏன் வலிக்கிறது?

பையனுக்கு நடந்தது இனப் பாகுபாடு, சந்தேகமே வேண்டாம். வாடகை விளம்பரத்திலேயே இந்தியர் வேண்டாம் என்று போட்ட காலம் சிங்கப்பூரில் உண்டு. இத்தனைக்கும் இனவாரியாகக் குடியிருப்புகள் பிரிந்துவிடக்கூடாது என்று 1989 முதல் அரசு அடுக்குமாடிகளில் ஒதுக்கீடு வைத்திருக்கும் நாடு அது. மலேசியாவில் "கெலிங்" என்று, இந்தியரை இழிவாகச் சொல்லும் சொல், காதில் விழக் கேட்டவர்கள் ஊருக்கு வந்தும் அதை மறப்பதில்லை.

அந்த அனுபவத்தோடு திரும்பியவர்களே, களத்துமேட்டில் நிற்கும் ஒடிசாக்காரரின் பேரைக் கேட்காமல் "ஏய் இந்திக்காரா" என்கிறார்கள். அவருக்குத் தாய்மொழி இந்திகூட இல்லை, ஒடியா. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவின. வேறு எங்கோ எடுத்தவற்றை இங்கே நடந்ததாகக் காட்டினார்கள், காவல்துறை மறுத்தது. வதந்தி அவ்வளவு எளிதாக ஏறியதற்குக் காரணம், இரண்டு பக்கமும் முத்திரைகள் தயாராக இருந்ததுதான்.

அவர்களும்தானே நம்மை "மதராசி" என்கிறார்கள்? தலித்துகளும்தானே மற்றவர்களைத் திட்டுகிறார்கள்? அது இனவெறி இல்லையா?

தப்பெண்ணம் யாருக்கும் வரும், அதற்கு மேல் கீழ் கிடையாது. அதை ஏற்பாடாக மாற்றும் பலம் எல்லாருக்கும் இல்லை. கூலித் தொழிலாளி மிராசுதாரைப் பற்றி ஆயிரம் சொல்லலாம். அதனால் மிராசுதாருக்கு ரேஷன் நிற்காது, பிள்ளைக்குப் பள்ளியில் இடம் போகாது. டெல்லியில் மதராசி என்ற கேலிக்கு ஆளாகும் அதே தமிழர், மன்னார்குடியில் பலமுள்ள பக்கத்தில் நிற்கலாம். பலம் ஆளோடு ஒட்டிப் பிறப்பதில்லை, இடத்துக்கு இடம் மாறும்.

2014 ஜனவரியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா டெல்லியில் முடி நிறத்தைக் கேலி செய்ததில் தொடங்கிய தகராறில் அடிபட்டு இறந்தார். கேலி என்பது எங்கே போய் முடியும் என்பதற்கு அதற்குமேல் உதாரணம் வேண்டாம்.

சும்மா ஜோக்குக்குச் சொன்னால்கூடவா?

யாரை வைத்துச் சிரிக்கிறீர்களோ அவர் அங்கே இருந்தால் அதே ஜோக்கைச் சொல்வீர்களா என்று பாருங்கள். சொல்வேன், அவரும் திருப்பி ஒன்று சொல்வார் என்றால் பிரச்சினை இல்லை. அவர் உங்களிடம் சம்பளம் வாங்குபவராக இருந்தால் அவர் சிரிப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பக்கத்தில் பழகினால் தானாகச் சரியாகிவிடாதா?

1954-இல் உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் இதைத்தான் ஆராய்ந்து எழுதினார். பழக்கம் தப்பெண்ணத்தைக் குறைக்கும், ஆனால் இரு தரப்பும் சமநிலையில் பழக வேண்டும், ஒரே இலக்குக்குச் சேர்ந்து உழைக்க வேண்டும், மேலே உள்ள அமைப்பு அதை ஆதரிக்க வேண்டும் என்றார். மிராசுதாரும் பண்ணையாளும் நூற்றாண்டுகளாகத் தினமும் முகம் பார்த்தவர்கள். அந்தப் பழக்கம் எதையும் கரைக்கவில்லை, ஏனென்றால் ஒருவர் வரப்பில் நின்றார், மற்றவர் சேற்றில் நின்றார்.

நிபந்தனைகள் கூடிய இடத்தில் நடந்ததற்கும் இங்கேயே உதாரணம் இருக்கிறது. கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ், பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர், 1940-களில் தஞ்சை மாவட்டச் சேரிகளில் தங்கி, அங்கேயே சாப்பிட்டு, பண்ணையாட்களோடு சங்கம் கட்டினார். சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிந்தது அந்தப் போராட்டங்களால். அவர் எந்த ஊர், என்ன மொழி என்று அந்தத் தெருக்களில் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

பிள்ளை பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் கேட்டு வந்து அழுகிறது. என்ன செய்வது?

முதலில் எந்த வகை என்று கேளுங்கள். "குண்டா" என்பது வேறு, சாதிப் பெயரைச் சொல்வது வேறு. இரண்டாவதற்கு "நீயும் திருப்பிச் சொல்லிடு" என்று அனுப்பினால், பிள்ளையிடம் திருப்பிச் சொல்ல அதே எடையில் ஒரு சொல் இருக்காது. பள்ளியில் எழுத்தில் கொடுங்கள். கையில் வண்ணக் கயிறு, நெற்றிக் குறி என்று சாதி அடையாளங்கள் வகுப்புக்குள் வருவதைத் தடுக்க வேண்டும் என்று ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024-இல் அரசுக்கு அறிக்கை தந்திருக்கிறது. ஆசிரியரிடம் பேசும்போது அதைக் குறிப்பிடலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

சட்டம் இதில் எதைத் தொடும்?

மனசைத் தொடாது, செயலைத் தொடும். தீண்டாமையை அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு ஒழித்தது, 1955-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத் தண்டனை வைத்தது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராத ஒருவர் அம்மக்களைப் பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் குற்றம். நான்கு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாத இடத்தில் சொன்னது இந்தப் பிரிவில் வராது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே யார் கேட்டார்கள், எங்கே நின்று கேட்டார்கள் என்பதை உடனே எழுதி வையுங்கள். இதற்கான தேசிய உதவி எண் 14566. பிறந்த இடம், மொழி, இனம் சொல்லிப் பகை மூட்டுவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவில் வரும், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும்.

எங்கள் ஊரில் வடக்கத்தி நடவு ஆட்கள் தங்கியிருக்கிறார்கள். நல்லபடியாக நடத்த ஆசைதான், எங்கே தொடங்குவது?

கூலியில். பிற மாநிலத் தொழிலாளருக்கு அதே வேலை செய்யும் உள்ளூர்க்காரரைவிடக் குறைவாகக் கொடுக்கக்கூடாது என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டமே எழுதி வைத்தது. பணத்தைக் கங்காணி கையில் மொத்தமாகக் கொடுத்தால், ஆளுக்கு எவ்வளவு போகிறது என்று ஒரு தடவை கேளுங்கள். கொட்டகையில் விளக்கு, கதவு, கக்கூஸ் இருக்கிறதா என்று பாருங்கள், அந்தக் கூட்டத்தில் பெண்கள் இருந்தால் முதல் வேலையே அதுதான். பேரைக் கேட்டுக் கூப்பிடுங்கள். அவர்களில் பலரிடம் சொந்த மாநில ரேஷன் கார்டு இருக்கும். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்ததால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் கார்டாக இருந்தால் நம்மூர் ரேஷன் கடையிலேயே கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். கடைக்காரருக்கே இது தெரியாமல் இருக்கலாம், முதல் தடவை நீங்களும் கூடப் போய் நில்லுங்கள்.